வீட்டுக்கு வரும் நர்ஸ்



நம் வகுப்புக்கு ஒரு அக்கா பத்து நாளாக வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவருடைய மாமியாருக்குப் பக்கவாதம். படுத்த படுக்கை. முதுகில் புண். அக்கா ஆறு மாதமாகக் கூலி வேலைக்கும் போகவில்லை.

"வயசானவங்களுக்கு அஞ்சு லட்சம் இன்சூரன்ஸ் உண்டாமே தம்பி?" என்று கேட்டார்.

உண்டு. 70 வயதானவர்களுக்கு 2024-ஆம் ஆண்டு மத்திய அரசு அதை அறிவித்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் அந்தப் பணம். வீட்டில் புரட்டிப் படுக்க வைப்பதற்கு அதில் ஒரு பைசாவும் இல்லை. முதியோர் பென்ஷனிலோ மத்திய அரசின் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 80 வயதானால் 500. மாநில அரசு மேலே சேர்த்துத் தருகிறது. அது கஞ்சிக்கும் மாத்திரைக்கும் ஆகும். ஆள் வைத்துப் பார்க்க ஆகாது.

நாம் இருப்பது பாலக்காடு, கேரளம். இங்கே வேறு ஒரு வழி உண்டு. 2008-இல் கேரள அரசு பாலியேட்டிவ் கொள்கை கொண்டுவந்தது. பாலியேட்டிவ் என்றால் வேதனையைக் குறைக்கும் கவனிப்பு. புற்றுநோய்க்காரருக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் உண்டு.

இதற்குப் பஞ்சாயத்து தன் திட்டப் பணத்தில் இருந்து செலவு செய்கிறது. நர்ஸ் சம்பளம், வண்டி, மருந்து எல்லாம் அதில்தான். நர்ஸ் வீட்டுக்கே வருவார். புண்ணைக் கழுவிக் கட்டுவார். மூத்திரக் குழாய் மாற்றுவார். நோயாளியை எப்படிப் புரட்டுவது என்று காட்டித் தருவார். காசு கேட்க மாட்டார். ஆஷா ஊழியரிடமோ வார்டு மெம்பரிடமோ சொல்லிப் பெயர் பதிய வேண்டும்.

நர்ஸ் ஒருவர், வீடுகள் பல. தினமும் வர முடியாது. மற்ற நாளெல்லாம் அக்காதான் பார்க்க வேண்டும். அவருடைய கூலிக்கு யார் பதில் சொல்வது?

ஆஸ்வாசகிரணம் என்று ஒரு திட்டம் உண்டு. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்தார்கள். ஒன்றிரண்டு நாள் கூலி! அதுவும் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது உண்டு. இது போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. இதை நாம் கிராமசபையில் கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிராமசபை கூட வேண்டும் என்பது சட்டம். பாலியேட்டிவுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், நர்ஸ் எத்தனை வீட்டுக்குப் போனார் என்று அங்கே கேட்கலாம்.

அக்காவும் நானும் ஒரு மனு எழுதினோம். கைநாட்டு இல்லை, கையெழுத்தே போட்டார். ஆனால் மாமியாரைத் தனியே விட்டுக் கிராமசபைக்கு வர அவரால் முடியாது. அன்றைக்கு இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் யார் இருப்பீர்கள்? கை தூக்குங்கள்.