பொருள் இழந்தார்க்கு நாம் கூறும் சொல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இனியதன்று. மணவிழாவும் பரிசளிப்பும் கல்வி நிதியும் பேசப்பெறும் இம்மன்றத்தில் இறப்பைப் பற்றிப் பேசுதல் தகுமோ எனச் சிலர் வினவலாம். தகும் என்பதே எம் விடை. வாணிகத்தில் நொடித்து, கடன் சுமை தாங்காது, தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவரின் துயரம் நம் குடும்பங்களையும் தீண்டாமல் விடவில்லை. இன்னார் இல்லம் என யாம் சுட்டப்போவதில்லை. அவ்வில்லத்தார் இவ்வவையிலும் இருத்தல் கூடும். அவர்தம் புண்ணில் கோலிடுதல் எம் நோக்கமன்று.

இந்திய அரசின் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்நாட்டில் தம் உயிரைப் போக்கிக்கொண்டவர் 1,70,924 பேர். அவருள் நூற்றுக்கு நால்வர் அளவினர்க்குக் கடனும் நொடிப்புமே காரணம் என்று பதியப்பட்டுள்ளது. பதிவேட்டில் ஒரு காரணமே எழுதப்படுகிறது. வாழ்க்கையிலோ நோய், தனிமை, உறக்கமின்மை, சுற்றத்தார் சொல் எனப் பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. கடன்பட்டவர் பல்லாயிரவர், அவருள் மிகப் பெரும்பாலோர் உயிரோடிருந்து கடனைத் தீர்க்கின்றனர். ஆகவே, கடன் மட்டுமே உயிரை வாங்குவதில்லை. கடனோடு வேறொன்றும் சேர்கிறது. அது யாதெனக் காண்பதே இன்றைய பேச்சின் கருத்து.

இத்தகைய இறப்பு நேர்ந்தவுடன் ஊரில் நிகழ்வன யாவை? இழவு வீட்டுத் திண்ணையில் முதற்கண் எழும் வினா, "கடன் எவ்வளவாம்?" என்பது. அடுத்தது, "யார் யாருக்குத் தரவேண்டுமாம்?" என்பது. அதற்கும் அடுத்தது, "இனி யார் தருவார்?" என்பது. அவர் எத்தனை இரவு உறங்காதிருந்தார், எவரிடம் வாய்திறக்க முயன்றார், எவர் முகந்திருப்பினார் என்று கேட்பாரைக் காண்பது அரிது.

வினாக்கள் முடிந்தபின் தீர்ப்புகள் பிறக்கின்றன. ஒரு சாரார், "கோழை, ஊரை ஏய்த்து ஓடிவிட்டான்" என்பர். மற்றொரு சாரார், "மானமுள்ளவன், சொன்ன சொல்லைக் காக்க இயலாமையால் உயிரை விட்டான்" என்பர். முன்னது கொடிய சொல் என்பதை எவரும் அறிவர். பின்னது கனிவுடைய சொல்போல் தோன்றும். ஆயினும் அதுவே பெருந்தீங்கு விளைப்பது. எங்ஙனமெனின், அத்திண்ணையின் ஓரத்தில் மற்றொருவர் வாளா அமர்ந்திருக்கிறார். அவர்க்கும் கடன் உண்டு. அதனை எவரும் அறியார். "இருந்தால் ஏமாற்றுக்காரன், இறந்தால் மானமுள்ளவன்" என்னும் தீர்ப்பை அவர் செவி கேட்கிறது. இறந்தவரைப் பற்றி நாம் உரைக்கும் ஒவ்வொரு சொல்லும் இறந்தவரைச் சென்றடைவதில்லை. கடன்பட்டு உயிரோடிருப்பவரையே சென்றடைகிறது. இதனை நாம் மறத்தலாகாது.

"தமிழர் மானத்தையே உயிரினும் பெரிதாகப் போற்றினரன்றோ? வள்ளுவர் மானம் என ஓரதிகாரமே வகுத்தாரன்றோ?" எனத் தமிழ் பயின்ற இளைஞர் எம்மை மடக்கலாம். வகுத்தார், மறுப்பார் யார்? ஆயினும் அவ்வதிகாரம் பழிக்கத்தக்க செயலைச் செய்து வாழ்தலையே இகழ்கிறது. விலை வீழ்ந்ததும், மழை பொய்த்ததும், கூட்டாளி கைவிட்டதும் பழிச்செயல் ஆகா. மேலும், அதே குடியியலில் சில அதிகாரங்கள் கடந்து குடிசெயல்வகை என்னும் அதிகாரத்தையும் அவர் வைத்தார். தன் குடியை உயர்த்த முயல்வான் சோம்பியிருந்து மானத்தையே எண்ணிக்கொண்டிருப்பின் அக்குடி கெடும் என்பது அங்கு அவர் தரும் கருத்து. துன்பம் வந்துழி உள்ளம் கலங்காமைக்கு இடுக்கணழியாமை என்னும் தனியதிகாரமும் உண்டு. மானம் என்னும் ஓரதிகாரத்தை மட்டும் எடுத்து, ஏனைய இரண்டையும் மூடிவைத்தல் கற்றார்க்கு அழகன்று.

இனிச் சிலப்பதிகாரத்தைக் காண்போம். கோவலன் புகார் நகரத்துப் பெருவணிகன் மாசாத்துவானின் மகன். முன்னோர் ஈட்டிய குன்றன்ன செல்வத்தைத் தொலைத்து, நாணத்தோடு மனைவிமுன் வந்து நின்றான். கண்ணகி கணக்குக் கேட்டிலள், பழித்துரைத்திலள், தன் காற்சிலம்பைத் தருவேன் என்றாள். அச்சிலம்பை முதலாகக் கொண்டு மதுரையில் மீண்டும் வாணிகம் செய்வோம் என்னும் எண்ணம் அச்சொல்லால் அவனுக்குப் பிறந்தது. நொடித்துப்போன வணிகனுக்கு இல்லத்தார் கூறத்தக்க சொல் யாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஆயினும் அக்காவியத்தில் நாம் எண்ணிப்பாராத இடம் ஒன்றுண்டு. கோவலனின் தந்தை அதே ஊரில் செல்வராய் வாழ்ந்திருந்தார். கண்ணகியின் தந்தை மாநாய்கனும் அங்ஙனமே. இருபெருஞ் செல்வர் இருந்தும், கோவலன் எவரிடமும் ஒரு சொல்லும் சொல்லாது, பொழுது விடியுமுன் மனைவியோடு ஊரைவிட்டு நீங்கினான். முன்வினை அவனைச் செலுத்தியது என்பது காவியத்தின் கூற்று. உலகியல் நோக்கிற் காண்போமாயின், அவன் வாயை அடைத்தது நாணம். கடனோடு சேர்ந்து உயிரை வாங்குவது யாது என முன்னர் வினவினோம். அது இந்நாணமே. பொருளிழப்பு மனிதனைத் துன்புறுத்தும். அதனை எவரிடமும் சொல்லவொண்ணாமையே அவனைக் கொல்லும்.

நம் நாட்டு வரலாற்றிலும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வோம். சென்னையில் பெரும்புகழோடு விளங்கிய ஆர்பத்நாட் கம்பெனியின் பாங்கி 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் கதவடைத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதில் முடங்கியது. அதனோடு பிணைந்த வணிகத்தை இலண்டனில் நடத்திவந்த பாட்ரிக் மக்ஃபாடியன் என்பார் அதே மாதத்தில் தம் உயிரைப் போக்கிக்கொண்டார். அதனால் முதலிட்டோர் எவர்க்கேனும் ஓரணா மீண்டதோ? இல்லை. கணக்கை விளக்கவல்லார் ஒருவர் குறைந்ததே கண்ட பயன். சென்னையில் தலைமை வகித்த சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் நீதிமன்றத்தில் நின்றார். குற்றவாளியெனத் தீர்க்கப்பெற்றுப் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட இடத்தும் சட்டம் கேட்டது பதினெட்டு மாதமேயன்றி உயிரன்று என்பதை நோக்குமின். நேர்மையாய் நடந்து நொடித்தவனிடம் ஊர் அதனினும் மிகுதியாகக் கேட்பது முறையோ? அவ்விழப்பிற்குப்பின் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று ஒரு பாங்கியை நிறுவினர். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இந்தியன் பாங்கி தன் பணியைத் தொடங்கியது. இழந்தோர் இழந்ததைப் பேசிக்கொண்டே இருந்துவிடாமல் ஒன்றைக் கட்டியெழுப்பினர்.

அண்மைக் காலத்துச் சான்று ஜப்பானில் உண்டு. 1997-ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டின் பெரிய நிறுவனங்களான யமாயிச்சிப் பங்கு வணிகக் கம்பெனியும் ஹொக்கைடோ தக்குஷோக்குப் பாங்கியும் வீழ்ந்தன. அவ்வாண்டில் 24,391 ஆக இருந்த தற்கொலைத் தொகை மறு ஆண்டில் 32,863 ஆக உயர்ந்தது. பதினான்கு ஆண்டுகள் அது முப்பதினாயிரத்திற்குக் கீழ் இறங்கவில்லை. நெடுங்காலம் அந்நாட்டார் அதனைத் தனிமனிதன் செயல் என்றே கருதி வாய்மூடியிருந்தனர்.

வடபுலத்து அக்கித்தா மாநிலத்தில் ஹிசாவோ சாத்தோ என்னும் தொழில்முதல்வர் 2000-ஆம் ஆண்டில் நொடித்துப்போனார், உள்ளமும் தளர்ந்தார். தம்மையொத்த தொழில்முதல்வர்கள் உயிர்துறப்பதைக் கண்டு, 2002-ஆம் ஆண்டில் 'சிலந்தி இழை' எனப் பொருள்படும் பெயரோடு ஓர் அறநிலையம் அமைத்தார். நொடித்தவர் அங்குச் சென்று தம் கடன் நிலையையும் உள்ளத்துயரையும் ஒருங்கே சொல்லலாம். கேட்பவரும் நொடித்துப்போனவரே, ஆதலின் சொல்பவர்க்கு நாணம் குறைந்தது. 2006-ஆம் ஆண்டில் தற்கொலைத் தடுப்பு நாட்டின் கடமை எனச் சட்டம் பிறந்தது; கடன் வட்டியையும் கடன் அளவையும் கட்டுப்படுத்தும் திருத்தமும் அவ்வாண்டிலேயே நிறைவேறி 2010-இல் முழுதும் நடைமுறைக்கு வந்தது. 2012-ஆம் ஆண்டில் அத்தொகை 27,858 ஆகக் குறைந்தது. ஒரு செயலால் மட்டும் இது விளைந்ததென யாம் கூறோம். "இது அவன் தலைவிதி" என்பதை விடுத்து "இது நம் கடமை" என்று ஒரு நாட்டார் கருதத் தொடங்கியதன் பயனும் இதில் உண்டு என்போம்.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வகையில் மாறியுள்ளது. உயிர்விட முயன்று பிழைத்தவனைத் தண்டிக்கும் பிரிவு 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. அவனைக் கடும் மனவழுத்தத்திற்கு ஆட்பட்டவனாகவே கருதவேண்டும் என 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள நியாயச் சட்டத்தில் அப்பழைய பிரிவே இல்லை. நேர்மையாய் நொடித்தவன் நீதிமன்றத்தின் வழியே கடனினின்று விடுதலை பெறுதற்கு 1909, 1920-ஆம் ஆண்டுகளிலேயே சட்டங்கள் செய்யப்பட்டன. தந்தை கடனை மகன் அறக்கடமையாகத் தீர்த்தே ஆகவேண்டும் என்னும் பழைய இந்து முறையை ஏற்று மகன்மீது நடவடிக்கை எடுக்கும் உரிமை, 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் பட்ட கடன்களுக்கு இல்லை. தாமே பிணை நின்று கையெழுத்திட்டாலன்றி, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவிற்கே வாரிசுகள் பொறுப்பாவர். இதனை அறியாத விதவைகள் தம் தாலிப்பொன்னையும் பிள்ளைகளின் படிப்பையும் அழிப்பதுண்டு. அவர்க்கு இதனை எடுத்துரைத்தல் சங்கத்தின் கடமை.

அன்பர்களே, இம்மன்றத்தில் கடன் கொடுத்தவரும் உள்ளனர், கொண்டவரும் உள்ளனர். இருசாராரையும் யாம் வேண்டுவன சில. கொடுத்தவர் தம் பொருளைக் கேட்டல் முறையே. ஆயின் கடைத்தெருவில் நின்று கேளாமல் இருவர் தனித்திருந்து கேட்க. இழவு வீட்டில் காரியம் முடியும்வரை கடன் பத்திரத்தை எடுக்கவேண்டா. கந்துவட்டியைத் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-ஆம் ஆண்டிலேயே தடுத்துள்ளது. நம்மவருள் எவரும் அத்தொழிலால் பிழைத்தல் வேண்டா. கடன் கொண்டவர் கணக்கை மறைக்கவேண்டா. முதலில் இல்லத்தாளிடம் சொல்லுக, அடுத்து நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லுக. கணக்கறிந்தவர் ஒருவரும் சட்டமறிந்தவர் ஒருவரும் முதியவர் ஒருவரும் கூடிய மூவர் குழுவைச் சங்கம் அமைக்குமாயின், நொடித்தவர் பொருட்டு அவர்களே கடன் கொடுத்தாரிடம் தவணை பேசலாம். தனியொருவன் முகங்கொடுக்க அஞ்சுவதைக் குழு அஞ்சாது செய்யும்.

தாய்மார்க்கும் ஒரு சொல். பெண் பார்க்கச் செல்லும்போது, "அவ்வீட்டில் இவ்வாறு ஒருவர் இறந்தாராமே" என்று பின்வாங்குதல் நம்மிடையே உண்டு. தந்தையை இழந்த பெண்ணுக்கு வாழ்வையும் மறுத்தல் அறமாகுமோ? அவ்வில்லத்துப் பிள்ளைகளிடம் இறந்தவரின் நற்குணங்களையும் பேசுங்கள். ஓர் இறுதி நாளைக் கொண்டு ஐம்பது ஆண்டு வாழ்க்கையை அளத்தல் நேர்மையன்று.

எவரேனும் உறக்கமின்றி, உணவின்றி, "நான் இல்லாவிடின் எல்லார்க்கும் நல்லது" எனப் பேசக் காணின், சிரித்து ஒதுக்கற்க. "உயிரை விடும் எண்ணம் உண்டோ?" என நேரே கேட்கலாம், கேட்பதனால் அவ்வெண்ணம் பிறந்துவிடும் என்பது பிழை என மருத்துவர் கூறுவர். அவரைத் தனியே விடாது மருத்துவரிடம் அழைத்துச் செல்க. சென்னையில் 1986 முதல் சினேகா என்னும் நிலையம் இப்பணியைச் செய்துவருகிறது. 2022 முதல் 14416 என்னும் எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியும் உண்டு. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். இவ்வெண்ணை ஒவ்வொரு கடையின் கணக்குப் பலகையிலும் எழுதிவைக்க வேண்டுகிறோம்.

ஐந்தொகையில் வரவும் செலவும் நேர்படாத ஆண்டுகள் வணிகர் எவர்க்கும் வரும். கணக்கை அடுத்த ஆண்டிற்குக் கொண்டுசெல்வதே நம் முன்னோர் வழக்கம், புத்தகத்தைக் கிழிப்பதன்று. நொடித்தவன் நம் வாயிலில் வந்து நிற்கும்போது, "வா, அமர், உண்; பின்னர்க் கணக்குப் பார்ப்போம்" என்னும் சொல் நம் வாயில் ஆயத்தமாக இருக்கட்டும். அச்சொல்லுக்கு முதல் வேண்டா, வட்டியும் இல்லை.