வீட்டில் எடுக்கும் அளவு மருத்துவரிடம் சேரட்டும்



பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்து எறையூரைச் சர்க்கரை ஆலையால் பலரும் அறிவார்கள். கரும்பு வெட்டு நடக்கும்போது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய் பிரஷர் பார்த்துவர எத்தனை பேரால் முடியும்? மாத்திரை தீர்ந்தாலும் உடம்பு உடனே எதுவும் சொல்வதில்லை. ரத்தக்கொதிப்பு வலிக்காது, பலருக்கு அது தெரியவருவதே பக்கவாதம் தாக்கிய பிறகுதான்.

நோயாளி வர முடியாவிட்டால் பரிசோதனை வீட்டுக்குப் போகட்டும் என்று, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பிரஷர் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருகிறார்கள். அளவைச் செயலியில் பதிகிறார்கள். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மாத்திரையைக் கையில் தருகிறார்கள். படுத்த படுக்கையானவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே கிடைக்கின்றன. இத்திட்டத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது.

மருத்துவரும் தொலைவிலிருந்தே பேசலாம். அதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை இந்தியா 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டது. ‘இ-சஞ்சீவனி’ என்ற தொலைமருத்துவச் சேவை வழியாக அரசு மருத்துவரிடம் கைப்பேசியிலேயே ஆலோசனை பெறலாம்.

வீட்டில் எடுக்கும் அளவின் பயனைக் கொரோனா காலம் கண்முன் காட்டியது. சிலருக்கு மூச்சுத்திணறல் தெரியும் முன்பே ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தது. விரலில் மாட்டும் சிறு கருவி அதைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்று சொல்ல ஒருவர் இருந்த வீடுகளில்தான் கருவியால் உயிர் பிழைத்தது.

அளவும் சரியாக இருக்க வேண்டும். வயலிலிருந்து வந்த கையோடு பிரஷர் பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சின் உயரத்தில் வைத்து, பேசாமல் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பார்த்து, இரண்டையும் தேதியோடு எழுதுங்கள். வீட்டில் எடுக்கும் அளவு தொடர்ந்து 135/85-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

நெஞ்சு வலித்தாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கைகால் விழுந்தாலோ கருவியைத் தேட வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளே, அப்பா அம்மாவுக்குக் கருவி வாங்கி அனுப்பும்போதே, அந்த அளவை வாரம்தோறும் யார் பார்ப்பது, கூடினால் எந்த மருத்துவரிடம் சொல்வது என்பதையும் முடிவுசெய்துவிடுங்கள்.