கடலில் ஒருவர், கரையில் ஒருவர்



பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் பிரிவைப் பற்றிய கவிதைகளைக் கேட்டு வருகின்றேன். அவற்றுள் பலவற்றில் முதலடியிலேயே கண்ணீர் வந்துவிடுகிறது. அதனால் இன்று, அழுகையை நெடுந்தொலைவு அடக்கிவைத்த ஒரு மாலுமியைப் பற்றிப் பேச விழைகின்றேன்.

ஜோஷுவா ஸ்லோகம் 1895 ஏப்ரல் 24 அன்று, ஏறத்தாழ 37 அடி நீளமுள்ள 'ஸ்ப்ரே' என்னும் பாய்மரப் படகில் பாஸ்டனிலிருந்து தனியே புறப்பட்டார். 46,000 மைல் கடந்து 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட் துறையை அடைந்தார். தனியொருவராய்ப் படகில் உலகைச் சுற்றிவந்த முதல் மனிதர் அவரே. 1900இல் அப்பயணத்தை நூலாக்கினார்.

அந்நூலில் தீவுகள் உண்டு, தென்னைகள் உண்டு, அங்குள்ள குழந்தைகளின் சிரிப்பும் உண்டு. தம் இல்லத்தாரைப் பற்றிய சொற்களோ மிகச் சில. முதல் மனைவி வர்ஜீனியா அவருடன் கப்பல்களிலேயே இல்லறம் நடத்தியவர். 1884இல் புவெனஸ் அயர்ஸ் துறையில் கப்பலிலேயே கண்மூடியவர். 1886இல் அவர் மணந்த ஹெட்டி, பிரேசில் கரையில் கப்பல் உடைந்த துன்பத்தை உடனிருந்து கண்டவர். அதன்பின் கடலை விட்டுக் கரையிலேயே தங்கிவிட்டார். ஸ்ப்ரே புவெனஸ் அயர்ஸை அடைந்தபொழுது, அங்கு எழுந்திருந்த புதிய துறைமேடைகளை ஸ்லோகம் வியக்கின்றார். வர்ஜீனியாவைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை.

1896இல் சமோவாத் தீவிற்குச் செல்கின்றார். எழுத்தாளர் ஸ்டீவன்சன் மறைந்து இரண்டாண்டுகள் நிறையவில்லை. மனைவியையும் தாயையும் உடன்கொண்டு அத்தீவில் குடியேறியவர் ஸ்டீவன்சன். எனினும் தாம் பிறந்த ஸ்காட்லாந்தை எண்ணி ஏங்கியவர். அவருடைய மேசையில் அமர்ந்து கடிதங்கள் எழுதிக்கொள்ளுமாறு வீட்டார் ஸ்லோகத்தை வேண்டுகின்றனர். அது தமக்குத் தகாது என்று அவர் விலகிக்கொள்கின்றார்.

1897 ஜூலையில், 23 நாள் கடலோடியபின் இந்தியப் பெருங்கடலின் கீலிங் கொக்கோசுத் தீவுகளை நெருங்குகின்றார். பாய்மரத்தில் ஏறிப் பார்க்கையில், நீரிலிருந்து எழுந்தவைபோல் தென்னைகள் தெரிகின்றன. உடல் நடுங்கக் கீழே இறங்கித் தளத்தில் அமர்ந்து, உணர்ச்சிக்குத் தம்மை விட்டுவிடுகின்றார். எதனை எண்ணிக் கலங்கினார்? அவர் சொல்லவில்லை. வீட்டுக்கூடத்தில் இருப்போர்க்கு இது வலிமையின்மையாகத் தோன்றலாம், தனியே சென்றவனின் கதை இது என்ற பொருளில் மட்டும் கூறி நிறுத்திக்கொள்கின்றார்.

நண்பர்களே, கவிதையின் இடம் அதுதான் என்று கருதுகின்றேன். சொல்லாமல் விட்டவை யாவும் அத்தளத்தில் அவருடன் வந்து அமர்கின்றன. பெயர் சொல்லி அழுதிருந்தால் அவர் துயரை மட்டுமே அறிந்திருப்போம். சொல்லாததால், நாம் பிரிந்தவர்களும் அங்கு வந்துவிடுகின்றனர்.

எனினும் எனக்கு ஒரு குறை உண்டு. கடலில் சென்றவரின் கதை நூலாயிற்று. கரையில் இருந்த ஹெட்டியின் மூன்றாண்டுகள் அந்நூலில் இல்லை. 1909இல் ஸ்லோகம் மீண்டும் ஸ்ப்ரேயில் தனியே சென்றார், திரும்பவில்லை. அவர் இறந்தவராக 1924இல்தான் சட்டப்படி அறிவிக்கப்பட்டார். அந்த இடைவெளியின் சுமையையும் கரையிலிருந்தவரே சுமக்க நேர்ந்தது.

இங்குத்தான் நம் மரபு துணைக்கு வருகின்றது. கடல்வழிப் பிரிவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்கிறது தொல்காப்பியம். அவ்விதி பெண்ணைக் கரையில் நிறுத்தியது. ஆயின், நெய்தலின் உரிப்பொருளாக இரங்கலை வகுத்த மரபு, கரையில் நின்றவளின் குரலுக்கும் கவிதையில் இடமளித்தது. கடல் கடந்தவனின் வீரத்தை மட்டும் அது பாடி அமையவில்லை.

ஆகவே, அடுத்த பத்தாண்டில் நம் கவிஞர்களிடம் நான் வேண்டுவன இரண்டு. செல்பவரைப் பாடுகையில் ஸ்லோகத்தின் அடக்கத்தைக் கொள்ளுங்கள். பாடி முடித்தபின், கரையைத் திரும்பிப் பாருங்கள். அங்கு ஒருவர் இன்னும் பாடப்படாமல் நிற்கக்கூடும்.