ஹலாலும் தய்யிபும்: உப்புக்கண்டம் முதல் சாசேஜ் வரை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

புகழ் அனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே! சலவாத்தும் சலாமும் பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

வரவு செலவுக் கணக்கை வாசித்து முடித்த கையோடு இறைச்சியைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அந்தக் கணக்கிற்கும் இந்தப் பேச்சிற்கும் தொடர்பு உண்டு. இருதய அறுவை சிகிச்சைக்கும், டயாலிசிஸ் செலவுக்கும், புற்றுநோய் மருத்துவத்திற்கும் உதவி கேட்டு வரும் மனுக்களை நமது பைத்துல்மால் பொறுப்பில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள். நோய் வந்தபின் கொடுப்பது நமது கடமை. வருமுன் எச்சரிப்பதும் கடமையே என்று கருதியே இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

காவிரிப் படுகையில் உள்ள நம் ஊர்களுக்கு உப்புக்கண்டம் புதியதன்று. அய்யம்பேட்டையானாலும் இராஜகிரியானாலும், கூத்தாநல்லூரானாலும் அதிராம்பட்டினமானாலும், ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மறுநாள் மாடியில் கயிறு கட்டி, உப்பும் மஞ்சளும் தடவிய இறைச்சித் துண்டுகளைக் காயவிடும் காட்சியைக் கண்டவர்கள் இங்கே பலர் இருக்கிறோம். 2025இல் பெருநாள் ஜூன் 7ஆம் நாள் வந்தது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முந்திய கோடை வெயில், கண்டம் போட ஏற்ற வெயில். காய்ந்ததை ஜாடியில் அடைத்து, அடைமழைக் காலத்தில் நான்கைந்து துண்டுகளை எடுத்து, ஊறவைத்து, கத்தரிக்காயோ வாழைக்காயோ சேர்த்து ஆணம் வைத்தால் ஒரு வீடே உண்டு முடிக்கும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் தாக்கி, பல நாட்கள் மின்சாரமின்றி நம் பகுதி தவித்தபோது, குளிர்பெட்டியை நம்பியவை கெட்டன. ஜாடியை நம்பியவை கெடவில்லை. ஆகவே நம் மூதாட்டிகளின் அந்தக் கைவேலையை இழிவாகப் பேச நாம் வரவில்லை.

ஆனால் இன்று நிலைமை வேறு. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் வரும் பெட்டிகளில் டின் இறைச்சி வருகிறது. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் உள்ள பெரிய கடைகளில் கோழி சாசேஜும் சலாமியும் கிடைக்கின்றன. பிள்ளைகளின் மதிய டப்பாவில் அவை இடம்பிடித்துவிட்டன. எப்போதோ ஒருநாள் என்றிருந்தது வாரத்தில் பலநாள் என்று ஆகிவிட்டது. இந்தப் பழக்கத்தைத் தொடரலாமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

மருத்துவ உலகம் சொல்வதை முதலில் காண்போம். 2015 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் அங்கமான பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 10 நாடுகளைச் சேர்ந்த 22 அறிஞர்களைக் கொண்டு 800க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து ஒரு முடிவை வெளியிட்டது. பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று உள்ளது என்று கூறி, அதனை முதலாம் பிரிவில் சேர்த்தது. ஆடு, மாடு முதலியவற்றின் பதப்படுத்தாத இறைச்சியை, அதற்கு ஒருபடி கீழே, 'உண்டாக்கக்கூடும்' என்னும் பிரிவில் வைத்தது.

இச்செய்தி வந்தபோது நம்மில் பலர், "ஹாம், பேக்கன் என்பவை பன்றி இறைச்சி. நமக்கு அதில் என்ன?" என்று ஆறுதல் அடைந்தோம். அந்த ஆறுதல் சரியன்று. உப்பிடுதல், புகையூட்டுதல், புளிக்கவைத்தல், இரசாயனம் சேர்த்துப் பக்குவப்படுத்துதல் ஆகிய முறைகளால் கெடாமல் காக்கப்படும் எந்த இறைச்சியும், கோழி உட்பட, இவ்வரையறைக்குள் வரும். ஹலால் முத்திரை, அறுத்த முறையைப் பற்றியும் சேர்ந்த பொருள்களைப் பற்றியும் சொல்கிறது. உள்ளே எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அது சொல்வதில்லை. நம் உப்புக்கண்டமும் உப்பிட்டுக் காத்த இறைச்சி என்ற வகையில் இவ்வரையறைக்குள் வந்துவிடுகிறது. எனினும் அதில் தொழிற்சாலைப் பொருள்களில் சேர்க்கப்படும் நைட்ரைட் என்னும் உப்பை நாம் சேர்ப்பதில்லை. அந்த நைட்ரைட் வயிற்றுக்குள் சென்று, புற்றுநோய்க்கு வழிகோலும் நைட்ரோசோ சேர்மங்களாக மாறக்கூடும். பொட்டலத்தின் பின்புறம் 250 அல்லது 251 என்ற எண் இருந்தால் நைட்ரைட், நைட்ரேட் சேர்ந்துள்ளது என்று அறிந்துகொள்ளலாம். வெறுமனே உறையவைத்த இறைச்சி இவ்வகையைச் சேர்ந்ததன்று.

முதலாம் பிரிவில்தான் புகையிலையும் இருக்கிறது. இதைக் கொண்டு, ஒரு துண்டு சாசேஜ் ஒரு சிகரெட்டுக்குச் சமம் என்று பரப்பியவர்கள் உண்டு. அது தவறு. பிரிவு என்பது சான்றின் உறுதியைக் காட்டுகிறது. ஆபத்தின் அளவைக் காட்டுவதில்லை. நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்பதே அவர்கள் சொன்ன அளவு. ஆயிரம் பேரில் 20 பேருக்கு அந்நோய் வரும் என்று ஒரு கணக்கிற்கு வைத்துக்கொண்டால், அனைவரும் நாள்தோறும் உண்ணும்போது அது ஏறத்தாழ 24 ஆகும். இது பெரிய எண்ணன்று. ஆனால் அந்த நான்கு பேரும் நமது மஹல்லாவின் நான்கு வீடுகளைச் சேர்ந்தவர்களாக இருந்தால், அதைச் சிறிய எண் என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

மாற்றுக் கருத்தும் உண்டு. 2019இல் ஓர் ஆய்வுக் குழு, சான்றுகள் வலுவற்றவை என்று கூறி, உண்பவர்கள் இப்போதுள்ள அளவிலேயே தொடரலாம் என்று பரிந்துரைத்தது. அதன் 14 உறுப்பினர்களில் மூவர் இதற்கு உடன்படவில்லை. மருத்துவ உலகிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்தக் குழுவே தனது பரிந்துரையை வலுவற்ற பரிந்துரை என்றுதான் குறிப்பிட்டது. அதற்குப்பின் 2021இல், இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,34,297 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு வெளியாயிற்று. வாரத்திற்கு 150 கிராமோ அதற்கு மேலோ பதப்படுத்திய இறைச்சி உண்டவர்களுக்கு, அறவே உண்ணாதவர்களைவிட இருதய, இரத்தக்குழாய் நோய்கள் 46 விழுக்காடு அதிகம் காணப்பட்டன. பதப்படுத்தாத இறைச்சியில் அத்தகைய தொடர்பு தென்படவில்லை.

நம்மைப் பொறுத்தவரை, புற்றுநோயைவிட அன்றாடம் அஞ்சத்தக்கது உப்பே. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கும் மேல். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று ஏற்கெனவே உப்பு மிகுந்த நம் சஹனில், சாசேஜும் சேர்ந்தால் சிறுநீரகமும் இருதயமும் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள்.

மார்க்கம் இதில் என்ன வழிகாட்டுகிறது? ஹராமாக்கப்படாத ஒன்றை ஹராம் என்று சொல்லும் அதிகாரம் நமக்கில்லை. அது ஆலிம் பெருமக்களின் துறை. ஆனால் அல்பகரா சூராவின் 168ஆம் வசனம், உண்பது ஹலாலாக இருப்பதோடு தய்யிபாகவும், அதாவது தூயதாகவும் நல்லதாகவும், இருக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. முதற்பாதியை நாம் மிகக் கவனமாகக் கேட்கிறோம். மறுபாதியைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்திலும் உலர்ந்த இறைச்சி இருந்தது. தையற்காரர் ஒருவர் அளித்த விருந்தில் சுரைக்காயும் உலர்ந்த இறைச்சியும் சேர்ந்த ஆணம் வைக்கப்பட்டபோது, அண்ணலார் தட்டின் ஓரங்களில் சுரைக்காயைத் தேடித்தேடி உண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இறைச்சி விலக்கப்படவில்லை, ஆனால் அவர்களது கை நாடியது காயை. இன்னொன்றும் நினைவுகூரத் தக்கது. வறியவர்கள் பெருகி வந்த ஓர் ஆண்டில், குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று அண்ணலார் தடுத்தார்கள். நெருக்கடி நீங்கியபின், உண்ணவும் வழங்கவும் சேமிக்கவும் அனுமதித்தார்கள். சேமிப்பு ஆகும். எனினும் ஏழையின் பங்கு சேமிப்பிற்கு முந்தியது என்பதே இதிலுள்ள பாடம்.

ஆகவே ஜமாஅத்தார்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள்கள் இவை. சாசேஜ், சலாமி, டின் இறைச்சி ஆகியவற்றை வீட்டு வழக்கமாக்க வேண்டாம். பிள்ளைகளின் டப்பாவில் முட்டையோ புதிய கறியோ மீனோ வையுங்கள். நகெட்ஸ் இவ்வரையறைக்குள் அப்படியே அடங்காவிட்டாலும், உப்பும் எண்ணெயும் மிகுந்தது என்பதால் அதையும் குறையுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் தம்பிமார்கள் டின்களுக்குப் பதில் பேரீச்சம்பழம் கொண்டுவந்தால் வீடு மகிழும். உப்புக்கண்டத்தை ஆண்டில் சிலநாள் உணவாக, நன்கு ஊறவைத்து நீரை வடித்து, காய் மிகுதியாகச் சேர்த்து உண்ணுங்கள். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளோர் அதைத் தவிர்ப்பதே நலம். குர்பானி இறைச்சியில் கண்டம் போடும் அளவைக் குறைத்து, புதிதாகவே பங்கிடும் அளவைக் கூட்டுங்கள். பள்ளிவாசல் நிகழ்ச்சிகளிலும் மதரஸா விழாக்களிலும் பதப்படுத்திய இறைச்சி பரிமாறுவதைத் தவிர்ப்போம். அரிசியும் பருப்பும் சிறிது கறியும் சேர்ந்த நம் நோன்புக் கஞ்சியை நல்ல முன்மாதிரியாகக் கொள்வோம்.

மலத்தில் இரத்தம் போவதையோ, கழிப்பு முறை வாரக்கணக்கில் மாறியிருப்பதையோ வெட்கத்தால் மறைக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பெருங்குடல் புற்றுநோய் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. நோயுற்ற ஒருவரிடம், "நீ தின்றதால் வந்தது" என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒருவருக்கு ஏன் வந்தது என்பதை அல்லாஹ்வே அறிவான். வீட்டு மூதாட்டிகள் ஆசையாகக் காயவைத்த கண்டத்தைப் பிள்ளைகள் முகம்சுளித்து ஒதுக்கவும் வேண்டாம். ஒரு துண்டை எடுத்து உண்டு, அவர்களது மனம் கோணாமல், அடுத்த ஆண்டு குறைத்துப் போடச் சொல்லுங்கள்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் அறிவையும், கட்டுப்பாட்டையும், நோயாளிகளுக்கு ஷிஃபாவையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.