கடலும் கம்பியில்லாச் செய்தியும்

(காட்டுப்பள்ளியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உங்கள் ஊர்த் துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல், கரை கண்ணுக்குத் தெரியுமுன்பே கரையோடு பேசிவிடுகிறது. உங்கள் படகோ கரையை விட்டுச் சில மைல் போனதும், கையிலுள்ள செல்போன் ஊமையாகிவிடுகிறது. ஒரே கடலில் ஒருவனுக்கு வாய் உண்டு, மற்றவனுக்கு இல்லை என்றால், இது தலைவிதியா என்று கேட்கின்றோம்.

விதியல்ல. செல்போன், கரையிலுள்ள கோபுரத்தோடுதான் பேசுகிறது. அதன் சக்தி சொற்பம், பூமியோ உருண்டை. தூரம் போகப்போகக் கோபுரம் மறைந்து போகின்றது. மேலும், கோபுரங்கள் பணங்கொடுப்போர் நெருங்கி வாழும் இடங்களுக்காக நட்டவையேயன்றி மீன்களுக்காக நட்டவையல்ல!

நிற்க, இவ்வித்தை எப்படி வந்தது? 1895-ல் கல்கத்தா பிரசிடென்சி காலேஜ் ஆசிரியர் ஜகதீச சந்திர போஸ், கம்பியில்லாமல் சுவருக்கு அப்பாலிருந்த மணியை அடிக்கச் செய்து காட்டினார். “அசரீரி நம் புராணத்திலேயே இருக்கிறதே” என்னும் பண்டிதர்கள், அதற்குமுன் ஒரு மணியையாவது அடித்துக் காட்டியதுண்டா?

நம் சென்னையிலேயே, ஐ.ஐ.டி. ஆசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா கூட்டத்தார், வீட்டுக்கு வீடு செம்புக்கம்பி இழுக்கும் செலவைக் குறைக்க, 1990-களில் ‘கார்டெக்ட்’ என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறையைக் கண்டார்கள். 2022-ல் அந்த ஐ.ஐ.டி.யின் தலைமையில் 8 ஸ்தாபனங்கள் சேர்ந்து 5ஜி சோதனைக்களம் அமைத்தன. இவ்வளவும் மந்திரத்தால் அல்ல, மனித முயற்சியால் ஆனவை.

ஆனால் 2017 நவம்பர் கடைசியில் ஓக்கிப் புயல் வந்தபோது, முன்னமே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த குமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. பலர் மாண்டனர். அறிவு இல்லாமலா? இல்லை, இருந்த அறிவு படகுக்கு வந்து சேரவில்லை. அதன் பிறகு 2019-ல் ‘ஜெமினி’ என்ற கருவி வந்தது. உயரேயுள்ள செயற்கைக்கோளுக்குக் கரையும் நடுக்கடலும் ஒன்றே. அது அனுப்பும் எச்சரிக்கையை வாங்கி இக்கருவி செல்போனுக்குக் கொடுக்கும். ஆனால் மீனவன் கேட்கலாமேயொழிய, “காப்பாற்றுங்கள்” என்று பதில் சொல்ல முடியாது! இருவழியும் பேசும் கருவியை 1,00,000 படகுகளில் வைக்கும் திட்டம் 2024-ல்தான் துவக்கப்பட்டது. கடலுக்குப் போகிறவனே ஆராய்ச்சிச் சாலையில் இருந்திருந்தால், முதல் நாளே பதில் சொல்லும் வழியைக் கேட்டிருக்க மாட்டானா?

ஆகையால் கருவி கேட்டு மட்டும் நின்றுவிடாதீர்கள். கலாசாலைகள் நம் வரிப்பணத்தில் நடப்பவை. நேர்த்திக்கடனுக்குக் கொட்டும் காசைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிடுங்கள். ஆணோடு பெண்ணையும் அனுப்புங்கள். அலையறிந்த உங்கள் பிள்ளை, இந்தக் கண்காணா அலையையும் அறியட்டும்.

நாம் சொல்வதால் நம்பவேண்டாம். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள்.