நாலு வரியில் ஒரு கதை
(நமது அறக்கட்டளையின் மாலை வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



மாலை வகுப்பில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம், "படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லும்மா" என்றோம். முதல் வரியிலிருந்து அப்படியே ஒப்பித்தாள். நிறுத்தி, "கதையில் என்னதான் நடந்தது?" என்று கேட்டோம். விழித்தாள். குறை அவளிடம் இல்லை. நாம் கொடுத்த புத்தகத்தில் இருந்தது. நீதி நூல்களாகப் பார்த்து வாங்கியிருந்தோம். அவற்றில் அறிவுரை நிறைய, கதை கொஞ்சம். உங்கள் நன்கொடையில் வாங்கியவை என்பதால் மறைக்காமல் சொல்கிறோம்.

இப்போது வேறு விதமாகத் தேர்ந்தெடுக்கிறோம். யாருக்குச் சிக்கல்? என்ன சிக்கல்? என்ன செய்தார்? எப்படி முடிந்தது? நான்குக்கும் கதையிலேயே பதில் இருக்க வேண்டும். காகத்துக்குத் தாகம், பானையின் அடியில் கிடக்கும் தண்ணீர் எட்டவில்லை, கற்களைப் போட்டது, நீர் உயர்ந்தது, குடித்தது. முடிந்தது சுருக்கம்.

பாட்டி வடை சுட்ட கதை நம் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் வடையை இழந்த காகத்தின் சிக்கல் அதில் தீரவே இல்லை. எனவே அதைத் தொடக்கத்தில் கொடுப்பதில்லை. பிள்ளைகள் தேறிய பிறகு, "காகம் என்ன செய்திருக்கலாம்?" என்று கேட்க அது உதவும்.

அடுத்த படிக்கு, ஒரு முயற்சியில் தீராத சிக்கல் வேண்டும். வலையோடு சேர்ந்து பறந்த புறாக்கள் வேடனிடமிருந்து தப்பின. ஆனால் எலி வலையைக் கடித்த பிறகே விடுதலை பெற்றன.

நீளம், ஒரே அமர்வில் படித்து முடிக்கும் அளவு. ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் புரியாவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இது ஏன் முக்கியம்? மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வருபவர்களில் பலர், தம் கஷ்டத்தை ஒரு தாளில் எழுதத் தெரியாமல் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கிறார்கள். சிக்கலை நாலு வரியில் சொல்லப் பழகிய பிள்ளைக்கு அந்த நிலை வரக் கூடாது.

இரவு சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். படிக்கத் தெரியாத உம்மாவும் கேட்கலாம். பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டாலே போதும். இன்ஷா அல்லாஹ், அடுத்த கூட்டத்தில் பிள்ளைகளே எழுந்து சொல்வார்கள்.