கிள்ளானில் ஏறி பத்துமலையில் இறங்கினேன்



"மலேசியா போயிட்டு வந்தியே, அதைப் பத்திப் பேசு"ன்னு சொன்னாங்க. நகை வாங்குனியா, ரெட்டைக் கோபுரம் பார்த்தியான்னுதான் எல்லாரும் கேட்டீங்க. கோபுரத்தைத் தூரத்துல இருந்து பார்த்தேன், நகை வாங்கல. அந்த ஊர்ல நான் தனியா ரயில் ஏறிப் போய் வந்ததைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

என் மகள் கிள்ளான்ல குடியிருக்கா. 2023 டிசம்பர்ல இருந்து நம்ம ஆளுங்க விசா இல்லாம முப்பது நாள் மலேசியாவுல தங்கலாம்னு வந்துச்சுல்ல, அதுல போனவதான் நானும். திருச்சியில ஏறினேன், கோலாலம்பூர்ல இறங்கினேன். அதுக்கப்புறம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருவாங்க. "ஞாயித்துக்கிழமை கார்ல கூட்டிட்டுப் போறேன் அத்தை"ன்னு மருமகன் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஞாயித்துக்கிழமையும் அவருக்கு ஓவர்டைம் வந்துரும். ஒருநாள் நானே சொன்னேன், பத்துமலை முருகனைப் பார்க்க நான் ரயில்ல போயிக்கிறேன்னு. மகளுக்கு மனசே இல்லை. "உனக்கு மலாயும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, எப்படிம்மா போவ?"ன்னு கேட்டா. "நீ துண்டுச் சீட்டுல எழுதிக் குடு, போதும்"னேன்.

குழுவுல சேர்ந்த புதுசுல ராமநாதபுரம் பேங்குக்கு என்னையும் இன்னொரு அக்காவையும் அனுப்பினாங்க. கைக்குள்ள செலான் நனைஞ்சு போற அளவுக்கு வேர்த்துச்சு அன்னைக்கு. அந்த நாளை நினைச்சுக்கிட்டுத்தான் கிள்ளான் ஸ்டேஷனுக்குப் போனேன்.

அங்க டிக்கெட்டுக்குப் பதிலா ஒரு கார்டு, டச் அண்ட் கோன்னு பேரு. முன்கூட்டியே பணம் ஏத்தி வச்சுக்கணும். உள்ளே போகும்போது கதவுகிட்ட ஒரு தடவை தொடணும், இறங்கி வெளியே வரும்போது ஒரு தடவை தொடணும். எவ்வளவு தூரம் போனோமோ அவ்வளவு காசு அதுவே கழிச்சுக்கும். சில்லறைக்கு யார்கிட்டயும் நிக்க வேண்டியதில்லை. சுவத்துல பெரிய படம் மாட்டியிருக்காங்க. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறம். கிள்ளான் பாதை சிவப்பு, பத்துமலை பாதை நீலம். ரெண்டும் கே.எல். சென்ட்ரல்ல சேரும். எழுத்து தெரியாதவங்களுக்கும் நிறம் தெரியும் இல்லையா?

அந்தக் கம்யூட்டர் ரயில்ல நடுவுல பொம்பளைங்களுக்குன்னு தனிப் பெட்டி உண்டு. 2010-ல இருந்து ஓடுதாம். "வனிதா"ன்னு எழுதியிருக்கும். நம்ம ஊர்ல பொம்பளைப் பிள்ளைக்கு வைக்கிற அதே பேருதான்! மலாய்ல பொம்பளைன்னா அதுதான் வார்த்தையாம். அந்தப் பெட்டியில ஏறி உட்கார்ந்ததும் மனசு லேசாச்சு.

ஆனா கே.எல். சென்ட்ரல்ல மாறும்போது தப்புப் பண்ணிட்டேன். நீலப் பாதைன்னு சரியாத்தான் பார்த்தேன், எந்தப் பக்கம் போற வண்டின்னு பார்க்கல. பத்துமலைக்கு எதிர்த் திசையில, சிரம்பான் பக்கம் போற வண்டியில ஏறிட்டேன். ஒண்ணு ரெண்டு ஸ்டேஷன் தாண்டினதும் துண்டுச் சீட்டுல இருக்கிற பேரு ஒண்ணும் வரலையேன்னு வயித்துல புளியைக் கரைச்சுது. பக்கத்துல உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பொண்ணுகிட்ட சீட்டை நீட்டினேன். அவ சிரிச்சுக்கிட்டே கையைத் திருப்பிக் காட்டினா. பண்டார் தாசிக் செலாத்தான்ல என் கூடவே இறங்கி, எதிர்ப் பிளாட்பாரம் வரைக்கும் வந்து விட்டுட்டுப் போனா. வெளியே வராததால அதுக்குன்னு தனியாக் காசு போகல. பத்துமலையில ரயில் கோயில் வாசல்கிட்டயே நிக்குது. 140 அடி முருகனை அண்ணாந்து பார்த்தேன், 272 படியும் ஏறினேன். சாயங்காலம் மகள் வேலை விட்டு வரும்போது நான் சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்த நாட்டுல எல்லாம் சொர்க்கம்னு நான் சொல்ல வரல. என் மகள் வீட்டுல இருந்து ஸ்டேஷனுக்கு வெயில்ல அரை மணி நேரம் நடக்கணும். பட்டணத்தை விட்டு வெளியே வந்தா அங்கேயும் காரோ பைக்கோ இல்லாம நடக்காது. ஆனா ஒண்ணைப் பார்த்தேன். அடுத்த வண்டி எத்தனை மணிக்குன்னு போர்டுல போட்டுருது. கக்கூஸ் எங்கேன்னு போட்டுருது. யார் கூட வந்தேன்னு ஒருத்தரும் கேக்கல.

நம்ம பக்கம் பயணக் கஷ்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம். 1988-ல பாம்பன்ல ரோட்டுப் பாலம் திறக்கிற வரைக்கும் ராமேஸ்வரம் தீவுக்குப் பஸ்ஸே கிடையாது, ரயிலைத்தான் நம்பணும். அந்த 1914 ரயில் பாலத்துல 2022 டிசம்பரோட வண்டி நின்னு போச்சு. புதுப் பாலம் 2025 ஏப்ரல்லதான் திறந்துச்சு. நடுவுல ரெண்டு வருஷத்துக்கு மேல மண்டபத்துலயும் ராமநாதபுரத்துலயும் மூட்டையோட இறங்கிப் பஸ்ஸுக்கு ஓடினோம். 2021 மே மாசத்துல இருந்து டவுன் பஸ்ல நமக்கு இலவசம். அதை நான் குறைவாப் பேச மாட்டேன், மாசம் சந்தா கட்டுற காசு எத்தனையோ பேருக்கு அதுல மிஞ்சுது. ஆனா காசு வாங்காத பஸ் வரவும் வேணுமே.

எங்க ஊராட்சிக் கூட்டமைப்புல போன தேர்தல்ல நல்லாப் படிச்ச ரெண்டு பிள்ளைங்களைப் பொறுப்புக்கு வரச் சொன்னோம். ரெண்டு பேரும் மாட்டேன்னுட்டாங்க. கணக்கு எழுதப் பயமான்னு கேட்டேன். "கணக்கு எழுதிருவேன் அக்கா, கூட்டம் முடிஞ்சு சாயங்கால வண்டியை விட்டா யாரு என்னைக் கொண்டாந்து விடுவா? வீட்டுல என்ன சொல்வாங்க?"ன்னு ஒரு பிள்ளை கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரியல. மலேசியாவுல பாஷை தெரியாத நான் தனியாப் போயிட்டு வந்துட்டேன். பட்டம் வாங்கின பிள்ளையால பதினஞ்சு கிலோமீட்டர் போயிட்டு வர முடியல.

வண்டி வரலைன்னு வாயில சொன்னா ஒரு அதிகாரியும் குறிச்சுக்க மாட்டார். அதனால எங்க குழுவுல ஒரு நாப்பது பக்க நோட்டு போட்டிருக்கோம். தேதி, வண்டி வர வேண்டிய நேரம், வந்த நேரம், நிறுத்தாமப் போச்சான்னு நாலு கட்டம். மீன் கூடை இருந்ததால ஏத்தலைன்னா அதையும் எழுதுறோம். ஸ்டாப்புல பெட்டிக்கடை வச்சிருக்கிற நம்ம உறுப்பினர்தான் எழுதுது. பதினோரு நாள் ஆச்சு. அதுல நாலு நாள் சாயங்கால வண்டி வரவே இல்லை.

ஒவ்வொரு ஊர்லயும் இப்படி ஒரு மாசம் எழுதுங்க. அடுத்த மாசக் கூட்டத்துக்கு நோட்டோட வாங்க. எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி, தீர்மானமும் போட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குக் கொண்டு போவோம். நோட்டு வாங்கக் கூட்டமைப்புல பணம் ஒதுக்கணும்னு பொருளாளர் அக்காவை இந்த மேடையிலேயே கேட்டுக்கிறேன்.